சொல்லுக்குச் சாட்சி

ஒரு சிறிய சோதனையோடு தொடங்கலாம். ‘எடு’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து அதன் பொருளை எழுதிப் பாருங்கள். ‘கையால் தூக்கு’ என்று முதலில் எழுதுவீர்கள். உடனே, வங்கியில் பணம் எடுக்கிறோமே என்று தோன்றும். அதைச் சேர்ப்பதற்குள் படம் எடுப்பது, விடுப்பு எடுப்பது, தொண்ணூறு மதிப்பெண் எடுப்பது, குழந்தையைத் தத்தெடுப்பது, வாந்தி எடுப்பது என்று ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நிற்கும். கடைசியில் பசி எடுக்கும். பசி எடுக்கும்போது யார், எதை, எங்கிருந்து எடுக்கிறார்கள்?

இந்தச் சோதனையில் உங்கள் மனம் என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள். பொருளை அது நேராகத் தேடவில்லை. ‘எடு’ வருகிற வாக்கியங்களைத்தான் தேடியது. ஒரு வாக்கியம் நினைவுக்கு வந்த பிறகே ஒரு பொருள் கிடைத்தது. அகராதி தயாரிப்பின் அடிப்படை முழுவதும் இந்தச் சிறிய அனுபவத்துக்குள் அடங்கியிருக்கிறது. ஆங்கில மொழியில் இதை மிகப் பெரிய அளவில் செய்து காட்டியவர் சாமுவேல் ஜான்சன். 1755இல் வெளிவந்த அவருடைய அகராதி எப்படி உருவானது என்று தெரிந்துகொண்டால், இன்று நாம் புரட்டும் எந்த அகராதியும் எப்படி உருவாகிறது என்பது பெரும்பாலும் புரிந்துவிடும்.

ஜான்சனுக்கு முன் ஆங்கிலத்தில் அகராதியே இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதி 1604இல் வந்துவிட்டது. அதைத் தொகுத்தவர் ராபர்ட் காட்ரி. பள்ளி ஆசிரியராகவும் பாதிரியாராகவும் இருந்தவர். சுமார் 2,500 சொற்கள் கொண்ட சிறிய நூல். லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு முதலிய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்த கடினமான சொற்களுக்கு மட்டுமே அவர் பொருள் சொன்னார். அந்த மொழிகளைப் படிக்கும் வாய்ப்பு இல்லாத பெண்களுக்கும் மற்ற எளிய வாசகர்களுக்கும் தேவாலயப் பிரசங்கங்களும் நூல்களும் புரிய வேண்டும் என்பதே நோக்கம்.

அந்த நூலில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் முன்னுரை. அகரவரிசை என்றால் என்ன, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்ரி அதில் பொறுமையாகக் கற்பிக்கிறார். எழுத்துகளின் வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நீங்கள் தேடும் சொல் முதல் எழுத்தில் தொடங்கினால் நூலின் தொடக்கத்தில் பாருங்கள், ‘வி’ என்ற எழுத்தில் தொடங்கினால் முடிவுப் பக்கம் பாருங்கள் என்கிறார். இன்று ஆறாம் வகுப்பு மாணவருக்குக்கூடச் சொல்லத் தேவையில்லாத ஒன்றை அன்று பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொற்களைப் பொருள் வாரியாக, அதாவது கடவுள், மனிதர், விலங்கு, மரம் என்று பிரித்துத் தொகுப்பதும் அப்போது பழக்கத்தில் இருந்தது. நம் திவாகர நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். தமிழில் முதல் எழுத்தைக் கொண்டு சொற்களை வரிசைப்படுத்திய நூல் சிதம்பர இரேவண சித்தர் 1594இல் இயற்றிய அகராதி நிகண்டு. ‘அகரத்தை ஆதியாகக் கொண்டது’ என்ற பொருளில் வந்த அந்தப் பெயர்தான் பிறகு இந்த வகை நூல்கள் எல்லாவற்றுக்கும் பெயராகிவிட்டது. காட்ரியின் நூலைவிட அது பத்து ஆண்டுகள் மூத்தது.

காட்ரிக்குப் பிறகு வந்தவர்கள் பட்டியலை நீட்டிக்கொண்டே போனார்கள். 1730இல் நேதன் பெய்லி வெளியிட்ட பெரிய அகராதியில் சொற்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 48,000 ஆகியிருந்தது. எண்ணிக்கையில் ஜான்சனின் அகராதியை விடவும் அது அதிகம். அப்படியானால் குறை எங்கே இருந்தது? எளிய சொற்களில்தான். குதிரை என்ற சொல்லுக்குப் பெய்லி தந்த விளக்கம், ‘எல்லோருக்கும் தெரிந்த ஒரு விலங்கு’. எல்லோருக்கும் தெரிந்தது என்று சொல்லி நகர்ந்துவிட்டால், எல்லோரும் அன்றாடம் புழங்கும் மொழி அகராதிக்கு வெளியே நின்றுவிடும்.

இதற்கிடையே ஆங்கிலேயக் கல்விமான்களுக்கு வேறொரு கவலை இருந்தது. இத்தாலியில் ஓர் அறிஞர் கழகம் 1612லேயே தன் மொழிக்குப் பேரகராதி வெளியிட்டுவிட்டது. பிரெஞ்சுக் கழகத்தின் அகராதி 1694இல் வந்தது. ஆங்கிலத்துக்கோ அப்படி ஒரு கழகமும் இல்லை, அரசு ஆதரவும் இல்லை. மொழி கட்டுப்பாடில்லாமல் மாறிக்கொண்டே போகிறது, யாராவது அதை ஓரிடத்தில் நிறுத்த வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. இறுதியில் அந்த வேலையைக் கையில் எடுத்தவர்கள் லண்டன் புத்தக வணிகர்கள். நல்ல அகராதி நன்றாக விற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களில் சிலர் கூட்டாகச் சேர்ந்து, 1746 ஜூன் 18 அன்று ஜான்சனோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சம்பளம் 1,500 கினி, அதாவது 1,575 பவுண்டு. கேட்பதற்குப் பெரிய தொகை. ஆனால் உதவியாளர்களின் கூலியும் மற்றச் செலவுகளும் அதிலிருந்துதான் போக வேண்டும்.

அப்போது ஜான்சனுக்கு வயது 36. லிச்ஃபீல்டு என்ற ஊரில் ஒரு புத்தகக் கடைக்காரரின் மகன். குழந்தைப் பருவத்திலேயே வந்த நோயால் ஒரு கண்ணில் பார்வை ஏறக்குறைய போய்விட்டது, ஒரு காதும் சரியாகக் கேட்காது. ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தார். பணமில்லாமல் பதின்மூன்று மாதங்களில் பட்டம் பெறாமலேயே வெளியேறினார். பள்ளிக்கூடம் நடத்திப் பார்த்தார், மாணவர்கள் சேரவில்லை. பிறகு லண்டனுக்கு வந்து பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். ஒரு நாட்டின் மொழிக்கே அகராதி செய்யப் புறப்பட்டவரிடம் பட்டமோ பதவியோ பண வசதியோ இல்லை.

மூன்று ஆண்டுகளில் முடித்துவிடுவதாக அவர் சொன்னார். பிரெஞ்சுக் கழகத்தின் நாற்பது உறுப்பினர்களுக்கு நாற்பது ஆண்டுகள் ஆயினவே என்று நண்பர் ஒருவர் கேட்டபோது, நாற்பதை நாற்பதால் பெருக்கினால் 1,600, ஆகவே ஓர் ஆங்கிலேயனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் உள்ள விகிதம் மூன்றுக்கு 1,600 என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கடைசியில் அவருக்கும் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பிடித்தன.

வேலை நடந்த இடம் லண்டனில் ஃப்ளீட் தெருவை ஒட்டிய கஃப் சதுக்கத்தில் 17ஆம் எண் வீடு. அதன் மாடியின் உச்சியில், கூரைக்குக் கீழே நீளமான ஓர் அறை. ஆறு உதவியாளர்கள், அவர்களில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். அவர்கள் செய்த வேலை நகலெடுப்பது. இந்த நகலெடுப்புதான் அகராதியின் உயிர் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஜான்சன் ஏதோ ஒரு நூலைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷேக்ஸ்பியராக இருக்கலாம், மில்டனாக இருக்கலாம், தத்துவம் எழுதிய லாக்காகவோ பேக்கனாகவோ இருக்கலாம், பைபிளாகவும் இருக்கலாம். ஒரு சொல் தன் பொருளைத் தெளிவாகக் காட்டும்படி ஒரு வாக்கியத்தில் அமைந்திருக்கிறது. அவர் கையிலிருக்கும் கரிய பென்சிலால் அந்தச் சொல்லின் அடியில் கோடு போடுகிறார். அந்த வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று குறிக்கிறார். பக்கத்தின் ஓரத்தில் அந்தச் சொல்லின் முதல் எழுத்தை எழுதுகிறார். அவ்வளவுதான், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். நூல் முடிந்ததும் உதவியாளர் கைக்குப் போகும். அவர் ஓரத்திலுள்ள எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே வந்து, குறித்த வாக்கியத்தைத் தனித் துண்டுத்தாளில் நகலெடுப்பார். எடுத்து முடித்ததன் அடையாளமாக அந்த எழுத்தை அடித்துவிடுவார். துண்டுகள் எல்லாம் பிறகு அகரவரிசையில் அடுக்கப்படும்.

இப்படிச் சேர்ந்த மேற்கோள்களில் அச்சில் வந்தவை மட்டுமே ஏறத்தாழ 1,14,000. நூல்களில் பல நண்பர்களிடம் இரவல் வாங்கியவை. திரும்பிப் போனபோது அவை வைத்திருக்கத் தகுதியற்ற அளவுக்குக் கோடும் கறையுமாக இருந்தன என்று அவரை அறிந்த ஒருவர் எழுதியிருக்கிறார். கடன் கொடுத்தவர்களுக்கு வருத்தமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் எஞ்சியிருக்கும் சில பிரதிகளில் இன்றும் அந்தப் பென்சில் கோடுகளைக் காணலாம். ஒரு மொழியின் அகராதி எந்த இடத்தில் பிறந்தது என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய கோடுகள் அவை.

மேற்கோள் எதற்கு என்று கேட்கலாம். பொருளை நேரடியாக எழுதிவிட்டால் போதாதா? வழக்குமன்றத்தில் ஒருவர் வந்து இது இப்படித்தான் நடந்தது என்று சொன்னால் மட்டும் போதாது, சாட்சி வேண்டும். அதைப் போல, இந்தச் சொல்லுக்கு இந்தப் பொருள் உண்டு என்று அகராதிக்காரர் சொல்லும்போது, இந்தப் பொருளில் இன்னார் இதைப் பயன்படுத்தியிருக்கிறார் என்று ஒரு வாக்கியம் முன்வந்து நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் இவ்வளவு சாட்சிகளை வரிசையாக நிறுத்திய முதல் அகராதி ஜான்சனுடையதுதான். அவர் எல்லோரையும் சாட்சிக்கு அழைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் தமக்கு முந்தைய காலத்து எழுத்தாளர்களையே தேர்ந்தெடுத்தார். தத்துவ அறிஞர் ஹாப்ஸின் கருத்துகள் பிடிக்காததால் அவரை மேற்கோள் காட்டவில்லை. சந்தையிலும் துறைமுகத்திலும் மக்கள் பேசிய சொற்கள் பல விடுபட்டன. இந்தத் தேர்வுகளை நான் குறையாகவே பார்க்கிறேன். ஆனால் சாட்சி வேண்டும் என்ற விதியை அவர் நிறுவிவிட்டார். அந்த விதி நின்றதால், விடுபட்டவர்களைப் பின்னால் வந்தவர்கள் உள்ளே அழைத்துவர முடிந்தது.

இந்த முறை தொடக்கத்திலேயே ஒழுங்காக ஓடவில்லை. ஜான்சன் முதலில் சொற்களுக்குக் குறிப்பேடுகளில் இடம் ஒதுக்கி, ஒவ்வொரு பொருளையும் அதன் மேற்கோள்களையும் அங்கே எழுத ஆரம்பித்தார். ஒரு சொல்லுக்கு இவ்வளவு இடம் போதும் என்று முன்கூட்டியே ஒரு கணக்கு வைத்திருந்தார். மேற்கோள்கள் வந்து குவியக் குவிய அந்தக் கணக்கு உடைந்தது. மூன்று பொருள் இருக்கும் என்று நினைத்த சொல்லுக்குப் பத்து வந்தன. ஒதுக்கிய இடம் நிரம்பி வழிந்தது. நம் ‘எடு’ செய்த அதே வேலைதான். போதாததற்கு, தாளின் இருபக்கமும் எழுதியிருந்தார். அச்சுக்குத் தரும் படியில் ஒருபக்கம் மட்டுமே எழுத்து இருக்க வேண்டும். அதை மறுபடி நகலெடுக்கவே 20 பவுண்டு செலவாயிற்று. ஒப்பந்தம் போட்டு நான்கு ஆண்டுகள் ஆன நிலையில், சேர்த்த குறிப்பேடுகளை ஒதுக்கிவைத்துவிட்டு, அமைப்பையே மாற்றி மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

இந்தச் சிக்கலைத் தோல்வி என்று மட்டும் கடந்து போக என் மனம் ஒப்பவில்லை. சொற்களுக்கு இவ்வளவுதான் பொருள் என்று முன்கூட்டியே கட்டம் போட்டு வைத்தவருக்கு, அந்தக் கட்டம் செல்லாது என்பதைத் துண்டுத்தாள்களே காட்டின. மேற்கோள்களை முதலில் குவித்து, அவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, எத்தனை குவியலாகப் பிரிகின்றனவோ அத்தனை பொருள் என்று எழுதுவதே சரியான வழி. இன்றைக்குக் கணினியில் கோடிக்கணக்கான வாக்கியங்களைத் திரட்டி வைத்துக்கொண்டு அகராதி செய்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

குவியலைப் பிரிக்கும் வேலை எவ்வளவு கடுமையானது என்பதற்கு ‘எடு’ என்பதற்கு இணையான ‘டேக்’ என்ற வினைச்சொல்லே சான்று. அதற்கு அவர் பிரித்துக் காட்டிய பொருள்கள் 134. வா, போ, கொடு, வை, ஓடு போன்ற எளிய வினைகள்தான் தம்மை மிகவும் அலைக்கழித்தன என்று முன்னுரையிலும் எழுதியிருக்கிறார். அங்கேயே இன்னொரு உண்மையையும் சொல்கிறார். ஒன்றை விளக்க வேண்டுமானால் அதைவிட எளிய சொற்கள் வேண்டும். எளிய சொல்லுக்கே விளக்கம் தேவைப்பட்டால் அதைவிட எளியதற்கு எங்கே போவது? வலைப்பின்னல் என்பதற்கு அவர் தந்த விளக்கத்தில் இந்தச் சங்கடம் அப்படியே தெரிகிறது. சம இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டு, வெட்டும் புள்ளிகளுக்கு இடையே வெளி விட்டிருப்பது என்பதை, சாதாரண வாசகர் கேள்விப்பட்டிராத லத்தீன் சொற்களால் எழுதிவைத்தார். படிப்பவருக்கு வலையே மேல் என்று தோன்றும்.

சில இடங்களில் அவருடைய கோபமும் விருப்பும் உள்ளே வந்துவிட்டன. ஓட்ஸ் என்ற தானியத்துக்கு, ‘இங்கிலாந்தில் பொதுவாகக் குதிரைகளுக்குத் தரப்படுவது, ஸ்காட்லாந்தில் மக்களைத் தாங்குவது’ என்று எழுதினார். ஐந்து ஸ்காட்லாந்துக்காரர்கள் அதே அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது நினைவில் இருக்கட்டும். கலால் வரிக்கு ‘வெறுக்கத்தக்க வரி’ என்று தொடங்கி அவர் எழுதியதைப் பார்த்து, வரி அதிகாரிகள் வழக்குப் போடலாமா என்று அரசு வழக்கறிஞரிடம் கருத்துக் கேட்டார்கள். இத்தகைய பதிவுகளைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவார்கள். உண்மையில் 42,773 சொற்களில் இவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவற்றில் அவர் காட்டிய நிதானமும் துல்லியமுமே அகராதியைத் தாங்கி நின்றன.

தவறுகளும் உண்டு. குதிரைக் காலில் குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் பகுதியைக் குறிக்கும் சொல்லுக்கு ‘குதிரையின் முழங்கால்’ என்று எழுதிவிட்டார். ஏன் இப்படி எழுதினீர்கள் என்று ஒரு பெண்மணி கேட்டபோது, “அறியாமை அம்மா, வெறும் அறியாமை” என்றார். விளக்கமோ சமாதானமோ சொல்லவில்லை. ஒன்பது ஆண்டு உழைப்பை நியாயப்படுத்த அவருக்கு எவ்வளவோ வாய்ப்பு இருந்தும் இப்படி ஒப்புக்கொண்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வேலை பாதியில் நின்றபோது அவர் வாழ்க்கையும் தடுமாறியது. 1752 மார்ச்சில் மனைவி எலிசபெத் இறந்தார். நோயும் கடனும் விட்டபாடில்லை. 1747இல் அகராதித் திட்டத்தை அச்சிட்டு செஸ்டர்ஃபீல்டு பிரபுவுக்கு முகவரியிட்டு வெளியிட்டிருந்தார். பிரபு 10 பவுண்டு கொடுத்ததோடு சரி. அகராதி முடியப்போகிறது என்று தெரிந்ததும் அதே பிரபு ஒரு பத்திரிகையில் புகழ்ந்து எழுதினார். 1755 பிப்ரவரி 7 அன்று ஜான்சன் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தண்ணீரில் உயிருக்குப் போராடுபவனைச் சலனமின்றிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவன் கரையேறியதும் உதவி என்ற பெயரில் வந்து சுமையாக நிற்பவர்தானே புரவலர் என்று அதில் கேட்டார். எழுத்தாளர்கள் பிரபுக்களின் தயவில் வாழ்ந்த காலம் மாறிக்கொண்டிருந்தது. அவருக்குக் கூலி கொடுத்தவர்கள் வணிகர்கள், அவர்களுக்குப் பணம் கொடுக்கப்போகிறவர்கள் வாசகர்கள். அந்தத் தெம்பு கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது.

அந்த ஆண்டு ஏப்ரல் 15 அன்று அகராதி வெளிவந்தது. பெரிய அளவுத் தாளில் இரண்டு தொகுதிகள். 2,000 படிகள் அச்சிட்டார்கள். விலை 4 பவுண்டு 10 ஷில்லிங், சாதாரணக் குடும்பம் வாங்க முடியாத விலை. மறு ஆண்டே மேற்கோள்களைக் குறைத்து 10 ஷில்லிங்கில் சுருக்கப் பதிப்பும் வந்தது. அதுதான் பரவலாக வீடுகளுக்குள் போனது. பட்டமில்லாமல் வெளியேறியவருக்கு, முகப்புப் பக்கத்தில் பெயரோடு சேர்த்து அச்சிடும்படியாக ஆக்ஸ்ஃபோர்டு முதுகலைப் பட்டம் அளித்திருந்தது. பணம் மட்டும் எப்போதோ தீர்ந்துவிட்டது. 1756இல் 5 பவுண்டு 18 ஷில்லிங் கடனுக்காக அவரைக் கைது செய்தார்கள். நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் உதவியதால் மீண்டார்.

அகராதியை வாங்க முடியாதவர்களும் படிக்க வேண்டியது அதன் முன்னுரை. 1747ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஜான்சன், ஆங்கிலத்தின் உச்சரிப்பை நிலைப்படுத்துவது, தூய்மையைக் காப்பது, ஆயுளை நீட்டிப்பது என்றெல்லாம் எழுதியிருந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து எழுதிய முன்னுரையில் அந்த நம்பிக்கையை அவரே வெளிப்படையாகக் கைவிடுகிறார். நூற்றாண்டு நூற்றாண்டாக மனிதர்கள் மூப்படைந்து இறப்பதைப் பார்த்துக்கொண்டே, ஆயிரம் ஆண்டு ஆயுள் தரும் மருந்து என்று ஒருவன் விற்க வந்தால் சிரிக்கிறோம். தன் அகராதியால் மொழியைக் கெடாமல் பதப்படுத்திவிடலாம் என்று நினைக்கிற அகராதிக்காரனைப் பார்த்தும் அப்படியே சிரிக்கலாம் என்கிறார். அசைகளுக்கு விலங்கு பூட்டுவதும் காற்றைச் சாட்டையால் அடிப்பதும் ஒன்றுதான் என்கிறார்.

யாரும் வாதாடி அவர் மனத்தை மாற்றவில்லை. இருநூறு ஆண்டு எழுத்துகளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுத்தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஒரே சொல் தலைமுறைக்குத் தலைமுறை நகர்ந்துகொண்டிருப்பது கண்ணெதிரே தெரிந்தது. எந்த ஒரு மேற்கோளும் கடைசிச் சாட்சி ஆக முடியாது. நாளை இன்னொருவர் இன்னொரு வாக்கியம் எழுதுவார்.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1857இல் லண்டன் மொழியியல் கழகத்தார் புதிய பேரகராதி ஒன்றுக்குத் திட்டமிட்டபோது, ஜான்சன் கூரையறையில் செய்ததையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கோடு போடும் பென்சிலைப் பொதுமக்கள் கையில் கொடுத்தார்கள். நூல்களைப் படியுங்கள், சொல்லையும் வாக்கியத்தையும் துண்டுத்தாளில் எழுதி அனுப்புங்கள் என்று வேண்டுகோள் விடுத்தார்கள். லட்சக்கணக்கில் தாள்கள் வந்தன. தலைமை ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் மரே, அவற்றை அடுக்கிவைக்கத் தன் தோட்டத்தில் இரும்புத் தகட்டுக் கொட்டகை ஒன்றைக் கட்டினார். அதன் நூற்றுக்கணக்கான மாடக்குழிகளில் தாள்கள் நிரம்பின. மரே இறந்த பிறகும் வேலை நடந்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் கடைசிப் பகுதி 1928இல் வெளிவந்தது. திட்டமிட்டதிலிருந்து 71 ஆண்டுகள். அதற்கு அடுத்த ஐந்தாம் ஆண்டு, 1933இல், இடைப்பட்ட காலத்தில் பிறந்துவிட்ட சொற்களுக்காக ஒரு துணைத் தொகுதியை அச்சிட வேண்டியிருந்தது.